சுழலும் வண்ணங்களுக்குள் தொலையும் மாயன்கள்!

ரீல்ஸ் பார்க்கும்போது இப்படி ஒரு வீடியோ உங்க கண்ணிலும் பட்டிருக்கும். நடுவில் ஒரு கல் முகம், சுற்றிலும் சிவப்பு, பச்சை முக்கோணங்கள், பின்னணியில் டெக்னோ இசை. கெலைடாஸ்கோப்பில் பார்ப்பது மாதிரி எல்லாம் விரிந்து விரிந்து சுருங்கும். பெயர், 'மாயன் விஷுவல்ஸ்'. பார்க்க அழகுதான். ஆனா, அதுல மாயன் எவ்வளவு இருக்கு?

முதல் சிக்கல் அந்தக் கல். 'மாயன் காலண்டர்' என்று பலரும் சுழலவிடும் வட்டக் கல், 1790-ல் மெக்சிகோ சிட்டியில் கிடைத்த சூரியக் கல். அதைச் செதுக்கியவர்கள் ஆஸ்டெக் மக்கள். மாயன்களின் மொழி வேற, எழுத்து வேற, ஊரும் வேற.

அடுத்தது, கெலைடாஸ்கோப் எஃபெக்ட். 'ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்' மென்பொருளில் இது ரெடிமேடாகவே இருக்கு. படத்தில் ஒரு துண்டை எடுத்து, கண்ணாடி பிம்பம்போலத் திருப்பித் திருப்பி அடுக்கிவிடும். ஆனா, மாயன் குறியீடுகள் வெறும் அலங்காரம் இல்லை, எழுத்து. இரண்டிரண்டு நெடுவரிசையாக, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் படிக்கணும். திருப்பி அடுக்கினால் மன்னரின் பெயரும் தேதியும் வெறும் டிசைனாகிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். மாயன்கள் அழிந்துபோன இனம் இல்லை. குவாத்தமாலாவில் மட்டும் 60 லட்சம் பேருக்கு மேல் வாழ்றாங்க. அங்கே பெண்கள் இடுப்போடு கட்டிக்கொள்ளும் தறியில் நெய்யும் 'விபில்' என்ற மேலாடையின் வடிவங்களே, அவங்க எந்த ஊர் என்று சொல்லிடும். அந்த வடிவங்களைக் கேட்காமல் எடுத்து விற்பதை எதிர்த்து, நெசவாளப் பெண்கள் 2016-ல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனாங்க. பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரும்படி 2017-ல் நாடாளுமன்றத்தை நீதிமன்றம் வலியுறுத்தியது. மெக்சிகோவோ, பழங்குடிகளின் பாரம்பரிய வடிவங்களை அவர்கள் சம்மதமின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதற்கு எதிராக 2022-ல் சட்டமே போட்டுவிட்டது.

கெலைடாஸ்கோப்பின் கதையும் இதேதான். ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் ப்ரூஸ்டர் 1817-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனாலும் லண்டனிலும் பாரிஸிலும் நகல்கள் விற்றுத் தீர்ந்தன. அவருக்குப் பெரிதாகக் காசு தேறலை. காப்புரிமை கையில் இருந்தவருக்கே இந்தக் கதி. அப்போ, ஊரே சேர்ந்து தலைமுறை தலைமுறையாக நெய்த வடிவத்துக்கு யார் பேர்ல காப்புரிமை வாங்குறது? சட்டம் திணறுவது இந்த இடத்தில்தான்.

சட்டம் வரும்வரை டிசைனர்கள் காத்திருக்கத் தேவையில்லை. 'மாயன் ஸ்டைல்' என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல், எந்த ஊர் வடிவம் என்று குறிப்பிடலாம். நெசவாளர்களிடம் அனுமதி கேட்கலாம். விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால், வர்ற காசில் அவங்களுக்கும் பங்கு கொடுக்கலாம். இன்ஸ்பிரேஷனுக்கும் திருட்டுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு கேள்விதான்... 'எடுத்துக்கலாமா?'