மருத்துவமனைக் கேமரா: அரசாங்க வார்டில் படுத்திருப்பவருக்கு எந்தச் சட்டம்?

மூல நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பினாங்குப் பெண் ஒருவருக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. மயக்கத்தில் இருந்தபோது அவரது உடலின் அந்தரங்கப் பகுதி படமெடுக்கப்பட்டிருந்தது. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. சிகிச்சைப் பதிவுக்காகவே எடுத்ததாக மருத்துவர் தரப்பு வாதிட்டது. பினாங்கு உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெண்ணின் மானத்தையும் கண்ணியத்தையும் தொடும் அந்தரங்கத்தை மீறினால் வழக்குத் தொடுக்கலாம் என்று அது தீர்ப்பளித்தது. 2011-இல் சட்ட அறிக்கைகளில் வெளியான இத்தீர்ப்பு நம் நாட்டு நோயாளிகளுக்கு ஒரு பெரிய பிடிமானம்.

அது ஒரு மருத்துவர் எடுத்த படம். இன்று சுவரில் மாட்டிய கேமரா இரவு பகலாக ஓடுகிறது. 2025 பிப்ரவரியில் இந்தியாவின் ராஜ்கோட் நகரில், மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் யூடியூப்பிலும் டெலிகிராமிலும் விலைபேசப்பட்டது அம்பலமானது. பாதுகாப்புக்காக வைத்த கேமராவுக்குள்தான் திருடர்கள் புகுந்திருந்தார்கள்.

கேமராவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பச்சிளங்குழந்தை காணாமல் போனால் முதலில் தேடுவது நடைபாதைக் கேமராப் பதிவைத்தான். வாசலிலும் மருந்தகத்திலும் அது இருக்கட்டும். உடை மாற்றும் இடத்தையும் பரிசோதனைக் கட்டிலையும் அது ஏன் பார்க்க வேண்டும்?

சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரிய தரவாக வகைப்படுத்துகிறது. டிஜிட்டல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ 2024-இல் கொண்டுவந்த திருத்தம், உச்ச அபராதத்தை 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. ஆனால் கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது அதன் 3-ஆவது பிரிவு. திருத்தம் அதில் கை வைக்கவில்லை. தனியார் மருத்துவமனை அறைக்கு இந்தக் காவல் உண்டு. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலோ கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலோ படுத்திருப்பவருக்கு இல்லை. தோட்டத்திலிருந்து வருகிறவர்களும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக் குடும்பங்களும் பெரும்பாலும் போவது எங்கே என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதற்காக அரசாங்க வார்டு நோயாளி முற்றிலும் கைவிடப்பட்டவர் அல்ல. மானபங்க நோக்கத்துடன் ஒருவரின் அந்தரங்கத்தில் நுழைந்தால் குற்றவியல் சட்டம் 509-ஆவது பிரிவின் கீழ் ஐந்தாண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கும். போலீசில் புகார் செய்யலாம். மருத்துவரே தவறு செய்தால் மலேசிய மருத்துவ மன்றத்திடம் முறையிடலாம். ஆனால் கெட்ட நோக்கமே இல்லாமல், வெறும் அலட்சியத்தால் பதிவு கசிந்தால் 509 எவ்வளவு தூரம் உதவும்?

நம்மவர்களின் பழக்கமும் இதில் சேர்கிறது. "டாக்டர் சொன்னா சரிதான்" என்று படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். மலாயோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரியாத பாட்டியிடம் படம் எடுப்பது பற்றிய வரியை யார் விளக்குகிறார்கள்? பார்க்கப்போன உறவினர் கட்டிலருகே நின்று படமெடுத்துக் குடும்பப் புலனக் குழுவில் போடுகிறார்; பக்கத்துக் கட்டில் அம்மாவும் அதில் விழுகிறார். அவருக்கு அது தெரியவே தெரியாது.

கேமரா எங்கே இருக்கிறது, பதிவை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாளில் அழிப்பார்கள் என்று தாதியிடம் கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. அரசாங்க மருத்துவமனையில் பதில் வராவிட்டால் இயக்குநருக்கு எழுத்து மூலம் கேட்கலாம். 3-ஆவது பிரிவை மாற்றுவது மட்டும் நாடாளுமன்றத்தின் கையில்.