வாசல் தாண்டிய ஊசி

ஏற்றுமதித் தொழிற்சாலை பெண்ணைச் சுரண்டுகிறதா, விடுவிக்கிறதா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. இந்த ஆலைகள் நாடும் பெண்களின் விரல் லாவகம் பிறவிக் குணமல்ல. வீட்டில் தைத்துப் பழகிய திறன். அது திறனாகக் கணக்கில் வராததால்தான் கூலி குறைகிறது என்று ஆய்வாளர்கள் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் விளக்கினர். ஆய்வாளர் நைலா கபீரின் 2000ஆம் ஆண்டு நூல் மறுபக்கத்தைக் காட்டியது: டாக்காவில் பர்தா மரபைத் தாண்டிப் பெண்கள் ஆலைக்குப் போனார்கள், லண்டனில் வங்கதேசப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே தைத்தார்கள். ஆனால் சம்பளம் மட்டும் அதிகாரமாகிவிடாது. 2013இல் வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் தொழிலாளர்கள் உள்ளே அனுப்பப்பட்டனர். வேலைக்குப் போகும் உரிமையோடு, ஆபத்தென்றால் மறுக்கும் உரிமையும் சேர்ந்தால்தான் அது அதிகாரம்.