ஏட்டில் ஏறாத ஆட்டக்காரர்கள்

விளையாட்டைப் பற்றிய நூல் வீரனைப் போற்றினால் போதும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது மிகை என்று கருதுவோர் பலர். அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தைக் குறித்து எழுந்த நூல்கள் இக்கருத்தினால் நெடுங்காலம் சீர்கெட்டுக் கிடந்தன. புகழ்மாலையால் யாருக்கு என்ன கேடு என்று வினவலாம். கேடு உண்டு. ஒருவனை உயர்த்திப் பாடும் ஏடு, பாடப்படாதவன் பிறக்கவே இல்லை என்று படிப்போரை நம்பச் செய்துவிடுகிறது.

டை காப் என்பார் 1905 முதல் 1928 வரை ஆடிய பெருவீரர். அவருடைய தன்வரலாறு 1961இல், அவர் மறைந்த ஆண்டிலேயே வெளிவந்தது. உண்மைப் பதிவு என்று தலைப்பிலேயே பறைசாற்றிக்கொண்ட அந்நூலை அவருக்காக எழுதிக் கொடுத்தவர் ஆல் ஸ்டம்ப் என்னும் பத்திரிகையாளர். அதே ஆண்டு முடிவதற்குள் அதே ஸ்டம்ப், காப்பைக் குடிவெறியும் கொடுங்குணமும் கொண்டவராகக் காட்டி ஓர் இதழில் கட்டுரை வரைந்தார். 1994இல் அதனைப் பெருநூலாகவும் விரித்தார். அவர் பரப்பிய கதைகள் பலவற்றுக்குச் சான்று இல்லை என்பதை 2015இல் சார்லஸ் லீர்சன் தம் ஆய்வு நூலில் எடுத்துக்காட்டினார். முதலில் வெள்ளையடித்த கையே பிறகு கரியும் பூசிற்று! இரண்டையும் காசு கொடுத்து வாங்கிய ரசிகனுக்குக் காப் என்னும் மனிதர் கிடைத்தாரா?

இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் லாரன்ஸ் ரிட்டர். பொருளியல் பேராசிரியரான அவர், ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு முதிய ஆட்டக்காரர்களைத் தேடி 75,000 மைல் அலைந்தார். அவர்கள் பேசியதை அவர்கள் வாய்மொழியாகவே தொகுத்து, 1966இல் ‘த குளோரி ஆப் தெயர் டைம்ஸ்’ என்னும் நூலாக்கினார். வருவாயையும் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். பிறர் பெயரால் எழுதிப் பிழைப்போர் இதனைக் கருதிப் பார்த்தல் நன்று.

1970இல் வெளிவந்த ‘பால் ஃபோர்’ நூலின் கதை வேறு. பந்து வீச்சாளர் ஜிம் பௌட்டன், 1969ஆம் ஆண்டின் ஆட்டப் பருவத்தில் தாம் கண்டதை நாள்தோறும் எழுதி வைத்தார். வீரர்கள் விழுங்கிய ஊக்க மாத்திரைகளையும் புகழ் பெற்றோரின் குடியையும் மறைக்கவில்லை. ஆட்டத்தின் தலைமை ஆணையர் அவரை அழைத்து, எழுதியது கற்பனை என ஒப்பமிடும்படி வற்புறுத்தினார். பௌட்டன் மறுத்துவிட்டார். வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டினான் என்று இன்றும் அவரைப் பழிப்போர் உளர். குப்பை சேர்த்தவரை விட்டுக் கூட்டியவரைப் பழிப்பது என்ன நியாயமோ!

எனினும் உண்மை உரைத்த ரிட்டரின் நூலிலும் ஒரு வெற்றிடம் உண்டு. அதில் பேசும் முதியோருள் கறுப்பினத்தார் ஒருவரும் இலர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1947 வரை பெரிய லீக்குகளின் கதவு அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்ததே காரணம். அவர்கள் தங்களுக்கெனத் தனி லீக்குகள் அமைத்து ஆடினர். அந்த ஆட்டங்களைத் தேடித் துருவி ராபர்ட் பீட்டர்சன் 1970இல் எழுதிய நூலின் பெயர் ‘ஒன்லி த பால் வாஸ் வைட்’. பந்து மட்டுமே வெண்மை என்பது பொருள். பேஸ்பால் நூல்களுள் ஒன்றே ஒன்றைக் காப்பாற்றலாம் என்றால், காக்கத்தக்கது இதுவே. நடையழகில் இதனை வெல்லும் நூல்கள் பல உண்டு; ஆனால் அவை இல்லாவிடினும் ஆட்டத்தின் வரலாறு குறைபடாது.

இத்தேடலைப் பின்வந்த ஆய்வாளரும் தொடர்ந்தனர். பழைய செய்தித்தாள்களில் புதைந்திருந்த ஆட்டக் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திரட்டினர். 2020இல் அந்த லீக்குகளும் பெரிய லீக்குகளே என ஏற்கப்பட்டன. 2024இல் கணக்குகள் ஒன்றாக்கப்பட்டபோது, அடிச் சராசரியில் முதலிடத்திலிருந்த காப் கீழிறங்கினார். ஆயிரம் வாய்ப்புக்கு அவர் அடித்தவை 367. கறுப்பின லீக்கின் ஜோஷ் கிப்சன் அடித்தவை 372.

உடனே கூக்குரல் எழுந்தது. கிப்சன் ஆடிய பருவங்கள் குறுகியவை, ஆட்டங்கள் குறைவு, ஒப்பீடு பொருந்தாது என்றனர். ஆட்டங்கள் குறைவு என்பது மெய்தான். கறுப்பின அணிகள் ஊர் ஊராகச் சென்று ஆடிய எத்தனையோ ஆட்டங்கள் இக்கணக்கில் சேரவில்லை. ஆனால் காப்பின் 367 மட்டும் முழுமையானதா? தம் லீக்கில் ஆடிய 24 பருவங்களிலும் அவர் கறுப்பினப் பந்து வீச்சாளர் ஒருவரையும் எதிர்கொள்ள நேரவில்லை. பாதி அடைத்த களத்தில் எடுத்த அந்த எண்ணுக்கு எதிராக எவரும் அதுவரை கூக்குரலிட்டதில்லை.

கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 15இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கினார். பீட்டர்சனின் நூல் வெளிவர அதற்குப் பிறகும் 23 ஆண்டுகள் ஆயின.