ஆறில் ஒரு பங்கு வீரன்

பொம்மை என்றவுடன் நம்முள் பலர் குழந்தைகளை மட்டுமே நினைக்கிறோம். ஆனால் மனித இனம் தன் வீரர்களையும் விழாக்களையும் விருப்பங்களையும் கைக்கடக்கமான உருவில் சிறிதாக்கிப் பார்த்து மகிழ்ந்த வரலாறு மிக நீண்டது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள், குதிரை பூட்டாத மூன்று உருளைச் சிறுதேரைத் தெருவில் உருட்டினர். சங்க மகளிர் கோரைப்புல்லால் பாவை செய்து விளையாடினர். பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமே சிறுதேர்ப் பருவமாயிற்று. அவ்விலக்கிய வகையை நம் இஸ்லாமியப் புலவர்களும் போற்றி வளர்த்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடினர் என்பதை மாணவர்கள் அறிவர்.

இத்தனையும் வகுப்பில் கற்பிக்கும் நானே, பொம்மை சேர்க்கும் மாணவர் ஒருவரை ஒருநாள் வகுப்பிலேயே எள்ளி நகைத்தேன். அந்தப் பிழையை ஒப்புக்கொள்ளவும், அதனால் நான் கற்றதைப் பகிர்ந்துகொள்ளவுமே இக்கட்டுரை.

பன்னிரண்டு அங்குலச் சாமுராய்

அம்மாணவர் நம் துறையில் இளங்கலை பயின்றவர். புதுக்கோட்டைப் பகுதியில் சிறுவணிகம் செய்யும் இராவுத்தர் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் தொலைக்காட்சியில் கண்ட 'சாமுராய் ஜாக்' என்னும் கார்ட்டூன் தொடர் அவர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. ஜெண்டி டார்டகாவ்ஸ்கி என்பார் உருவாக்கிய அத்தொடர் 2001 முதல் 2004 வரை ஒளிபரப்பாகி, நீண்ட இடைவெளிக்குப் பின் 2017இல் நிறைவுற்றது. அரக்கன் ஒருவனால் எதிர்காலத்திற்குத் தூக்கி எறியப்பட்ட ஜப்பானிய இளவரசன், கையில் ஒரு வாளுடன் தன் காலத்திற்குத் திரும்ப வழி தேடி அலைவதே அதன் கதை.

அவ்வீரனின் சாயலில் அமைந்த 'ஆறில் ஒன்று' அளவுப் பொம்மைகளை இவர் சேர்த்து வந்தார். ஆறடி மனிதனை ஆறால் வகுத்தால் ஓரடி, அதாவது பன்னிரண்டு அங்குலம் வரும். 1959இல் வந்த பார்பியும், 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வெளியிட்ட 'ஜி.ஐ. ஜோ' என்னும் போர்வீரப் பொம்மையும் ஏறத்தாழ இவ்வளவினவே. இந்த அளவில் துணியாடையை உண்மையாகவே தைத்து அணிவிக்கலாம், வாளை உறையிலிருந்து உருவலாம், விரல்களை மடக்கலாம். பெயர்பெற்ற நிறுவனங்களின் பொம்மை ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ஆகும். நம் மாணவரோ பிறர் கழித்த வெற்று உடல்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, தையற்கடை வெட்டுத்துணியில் தாமே அங்கி தைத்து, மூங்கிற் சிம்பைச் சீவி வாள் செய்து, நான்கு வீரர்களை உருவாக்கி வைத்திருந்தார்.

ஒருநாள் வகுப்பில், தொல்காப்பியம் நடுகல்லுக்குக் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு துறைகளை விளக்கிக் கொண்டிருந்தேன். அவருடைய குறிப்பேட்டில் சாமுராயின் கவசப் படம் இருந்தது. "நம் ஊர் வீரனுக்குக் கல் நட்ட கதையைக் கேட்க மனமில்லை, ஊர்பேர் தெரியாத வீரனுக்குச் சட்டை தைக்கிறீரோ?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் தலை கவிழ்ந்தார். அடுத்த சில நாள்கள் கல்லூரிக்கே வரவில்லை.

தந்தையின் இரு கேள்விகள்

அவர் வராத நாளொன்றில் அவருடைய அத்தா துறைக்கு வந்தார். ஸலாம் கூறி அமர்ந்தவர், "சார், அந்த நாலு பொம்மையையும் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன். எரித்துவிடலாம் என்றால் மனசு வரவில்லை. வைத்திருக்கலாம் என்றாலும் மனசு கேட்கவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். அவருடைய கவலைகள் இரண்டு. ஒன்று, காசு வீணாகிறது, படிப்பு கெடுகிறது என்பது. மற்றொன்று, உருவங்களை வீட்டில் வைப்பது நம் மார்க்கத்திற்கு ஆகுமா என்பது.

இரண்டாம் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அது ஆலிம்களின் பொறுப்பு. ஆயினும் நான் படித்த ஒரு செய்தியை அவரிடம் சொன்னேன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணியால் இறக்கை கட்டிய குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாகத் தாங்கள் கேட்டதில்லையா என்று அன்னையார் மறுமொழி கூற, நபியவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள் என்பது அபூதாவூத் தொகுப்பில் உள்ள செய்தி. இவ்விலக்குச் சிறுவர் விளையாட்டுக்கு மட்டுமே உரியது என்று வரையறுக்கும் அறிஞர்களும் உண்டு. அதையும் மறைக்காமல் சொன்னேன். வணங்குவதற்கு வைத்த உருவம் வேறு, விளையாட்டுக்கும் கல்விக்கும் வைத்த உருவம் வேறு என்னும் வேறுபாட்டை மனத்திற்கொண்டு உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் கேளுங்கள் என்றேன். அவர் அமைதியாக எழுந்து சென்றார்.

முதற்கேள்விக்குத்தான் என்னிடம் விடையில்லை. பொம்மை சேர்ப்பதால் விளைவது என்ன? அந்த விடை எனக்குக் குடுமியான்மலையில் கிடைத்தது.

குடுமியான்மலைத் தூணில் ஒரு குதிரை

ஆண்டுதோறும் துறை மாணவர்களைக் கல்வெட்டுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் வழக்கப்படி அவ்வாண்டு குடுமியான்மலைக்குச் சென்றோம். நான் நேரில் சென்று அழைத்ததன் பேரில் அம்மாணவரும் வந்தார். புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிலுள்ள இவ்வூரைக் கல்வெட்டுகள் திருநலக்குன்றம் எனக் குறிக்கின்றன. மேலைக்கோயில் என்னும் குடைவரையை ஒட்டிய பாறையில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு உலகப் புகழ் வாய்ந்தது. குன்றின் மேற்பாறையில் நாயன்மார் அறுபத்துமூவரும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளனர். சிகாநாதசுவாமி கோயிலின் மண்டபத் தூண்களிலோ, பத்துத் தலை இராவணன், மன்மதன், இரதி முதலிய பேருருவங்களுடன், முன்கால் தூக்கிப் பாயும் குதிரை மேல் அமர்ந்த வீரர்கள் நாயக்கர் காலப் பாணியில் நிற்கின்றனர்.

மற்ற மாணவர்கள் கல்வெட்டு எழுத்துகளைப் படித்துக் கொண்டிருக்க, இவர் மட்டும் குதிரை வீரன் முன் நின்றுவிட்டார். கடிவாளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வாளுறை எந்தப் பக்கம் தொங்குகிறது, கால் வளையத்தில் பாதம் எவ்வாறு ஊன்றியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிற்பத்தைத் தொடாமல், தம்மினும் உயரம் குறைந்த நண்பர் ஒருவரைத் தூணருகே நிற்கவைத்துப் படமெடுத்தார். நண்பரின் உயரத்தைக் கொண்டு வீரனின் உயரத்தையும், குதிரையின் நீளத்தையும் கணக்கிட்டு, அவற்றை ஆறால் வகுத்துக் குறிப்பேட்டில் எழுதினார். பிறகு என்னிடம் வந்து, "ஐயா, குதிரையின் முன்காலுக்குக் கீழே காலாள் வீரனைச் செதுக்கியது அழகுக்காக மட்டுமில்லை. தூக்கிய காலுக்கு அவன்தான் முட்டுக்கொடுத்து நிற்கிறான்" என்றார்.

இருபது ஆண்டுகளாக அத்தூண்களைக் கடந்து செல்லும் எனக்கு அது தோன்றியதில்லை. பன்னிரண்டு அங்குல பொம்மையை நிற்கவைக்கப் பாடுபட்ட கைகளுக்குத்தான் பாயும் குதிரையின் பாரம் எங்கே இறங்குகிறது என்பது தெரிந்திருக்கிறது. நம் சிற்ப நூலோரும் அளவையே அடிப்படையாகக் கொண்டனர் அல்லரோ? முகத்தின் நீளத்தைத் தாலம் என்று கொண்டு, உத்தம தசதாலம் என்றால் 124 அங்குலம் எனப் பகுத்து, உறுப்புக்கு உறுப்பு கணக்கு வைத்தனர். அக்கணக்கின் அருமையை நான் நூலில் படித்தேன். அவர் பொம்மையில் படித்திருந்தார்.

பெயரில் இருக்கும் குதிரை

திரும்பும் பேருந்தில் அவரருகே அமர்ந்து, "இந்தக் குதிரை எங்கிருந்து வந்தது தெரியுமா?" என்று கேட்டேன். தமிழகம் நல்ல போர்க்குதிரைகளுக்குக் கடல் கடந்த நாடுகளையே நம்பியிருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், ஜமாலுத்தீன் என்னும் வணிகத் தலைவர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டிற்கு அனுப்ப உடன்பட்டிருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். காயல் துறையில் வந்திறங்கிய குதிரைகளைப் பற்றி மார்க்கோ போலோவும் எழுதியுள்ளார். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் கதை நிகழ்ந்த ஆவுடையார்கோயிலும் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது.

"உங்கள் குடும்பத்தை ஊரார் எப்படி அழைக்கிறார்கள்?" என்று அடுத்துக் கேட்டேன். "இராவுத்தர் வீடு என்பார்கள்" என்றார். இராவுத்தன் என்ற சொல்லுக்குக் குதிரை வீரன் என்பதே பொருள். அருணகிரிநாதர் முருகப்பெருமானையே இராவுத்தன் என்று விளிக்கும் அளவிற்கு அச்சொல் தமிழில் வேரூன்றியிருந்தது. மாணவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நான் ஜப்பான் வீரனைத் தேடினேன், எங்கள் பெயரிலேயே ஒருவன் இருந்திருக்கிறான்" என்றார்.

இதனைக் கூறுவதால் அயல்நாட்டுப் பொம்மையைக் கைவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஜப்பானியரிடமே நாம் கற்க வேண்டியது இருக்கிறது. 1876இல் வாள் தாங்கும் உரிமை தடைசெய்யப்பட்டதோடு சாமுராய் வகுப்பின் வாழ்வு முடிந்தது. ஆயினும் ஆண்டுதோறும் மே 5ஆம் நாள் சிறுவர் விழாவில் கவசமணிந்த வீரப் பொம்மைகளை வீடுகளில் வைக்கின்றனர். மார்ச் 3ஆம் நாள் சிறுமியர் விழாவில், நம் நாட்டுக் கொலுவைப் போலவே, படிகள் அமைத்துப் பொம்மைகளை அடுக்குகின்றனர். வாளை உறையிலிட்ட சமுதாயம் வீரனின் நினைவைப் பொம்மையில் காத்தது. அப்பொம்மையே கதையாகி, படமாகி, கடல் கடந்து புதுக்கோட்டைச் சிறுவனின் நெஞ்சிலும் இடம் பிடித்தது. நம் குதிரை வீரனோ தூணோடு தூணாக நிற்கிறான். அவன் பெயரைச் சொல்லவும் ஆளில்லை. அவனைச் சிறிதாக்கிக் கையில் கொடுக்கவும் ஆளில்லை.

சூளையில் வெடித்த குதிரை

அந்தக் குறையைத் தீர்க்க மாணவரே முயன்றார். புதுக்கோட்டை மாவட்டத்தில் அய்யனார் கோயில்களுக்கு மண்குதிரை செய்யும் வேளார் ஒருவரிடம் விடுமுறை நாள்களில் சென்றார். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்துப் பிசைவதையும், கால்களை உருளைகளாக முதலில் எழுப்பி, அவை இறுகிய பின்னரே உடலை ஏற்றுவதையும் கற்றார். ஆறில் ஒரு பங்கு அளவில் குடுமியான்மலைக் குதிரையை வனைந்தார். முதற்குதிரை சூளையில் வெடித்துச் சிதறியது. "வயிற்றில் மண்ணை அடைத்துவிட்டாய், தம்பி. உள்ளே காலியாக இருந்தால்தான் நெருப்பைத் தாங்கும்" என்றாராம் வேளார்.

இரண்டாவது குதிரை, ஒரு காது பின்னப்பட்டாலும், நின்றது. முன்காலுக்கு முட்டாகக் காலாள் வீரனும் நின்றான். குதிரையேறியவனுக்கு முன்போலவே வெட்டுத்துணியில் உடை தைத்தார். அதைத் துறையில் காட்சிக்கு வைத்த அன்று அவருடைய அத்தாவும் வந்திருந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்த நாட்டுக் குதிரை?" என்று மகனிடம் கேட்டார். "அரபு நாட்டுக் குதிரை, அத்தா. ஏறியிருப்பது நம் ஆள்" என்றார் மகன். தந்தை ஒன்றும் கூறவில்லை. பெட்டியின் சாவி மறுவாரம் மகனிடம் வந்து சேர்ந்ததாக அறிந்தேன். நான்கு சாமுராய்களும் பத்திரமாக இருந்தனவாம்.

நாம் செய்ய வேண்டியது

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் எதைச் சேர்க்கிறார்கள் என்று மட்டும் பாராமல், சேர்ப்பதால் அவர்கள் கண்ணும் கையும் எதைக் கற்கின்றன என்று பாருங்கள். வரவுக்கு மீறிய செலவைக் கண்டியுங்கள், ஆர்வத்தைக் கண்டிக்காதீர்கள். எரிக்கும் முன் ஒரு முறை கேளுங்கள்.

மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விலைகொடுத்து வாங்கி அலமாரியில் நிறுத்துவதோடு சேகரிப்பு முடிந்துவிடுவதில்லை. அப்பொம்மையின் வாள் ஏன் வளைந்திருக்கிறது, கவசம் ஏன் அடுக்கடுக்காக இருக்கிறது என்று கேளுங்கள். அதே கேள்விகளோடு உங்கள் ஊர்த் தூணுக்கும் நடுகல்லுக்கும் முன்னால் சென்று நில்லுங்கள்.

ஆசிரியர்க்கு, எனக்கும் சேர்த்தே, ஒரு விண்ணப்பம். மாணவரின் குறிப்பேட்டில் நாம் கற்பிக்காத ஒன்று வரையப்பட்டிருந்தால் நகைப்பதற்கு முன் அதை உற்று நோக்குவோம். நாம் கற்பிக்க விரும்பியதற்கு அதுவே வாயிலாகவும் அமையக்கூடும்.

ஒரு காது பின்னப்பட்ட அக்குதிரை இன்றும் துறையின் நூலடுக்கின் மேல் நிற்கிறது. தொல்காப்பியத்தின் நடுகல் துறைகளை நடத்தும் போதெல்லாம் அதை எடுத்து மேசைமேல் வைக்கிறேன். இப்போது வகுப்பு சிரிப்பதில்லை. அருகே வந்து பார்க்கிறது.