செவுத்துக்கு ஸ்வெட்டர் போடுற புண்ணியவான்களுக்கு

மக்களே, இது கொஞ்சம் காரமான பதிவு. மோர் குடிச்சிட்டு உக்காருங்க.

ஆரணியில எங்க பெரியப்பா வீடு பட்டுத்தறி வீடு. ஒன்றரைக்கல் செவுரு, சுண்ணாம்புக் காரை, முன்கட்டுல ரெண்டு தறிக்குழி, மேல மெட்ராஸ் டெரஸ். போன மாசம் ஒரு காண்ட்ராக்டர் வந்து, "எல்லா செவுத்துக்கும் உள்பக்கம் ரெண்டு இன்ச் தெர்மாகோல், அது மேல ஜிப்சம் போர்டு. ஊட்டி மாதிரி ஆயிடும் சார்"னு கொட்டேஷன் குடுத்திருக்கார். தொகையைப் பாத்தாலே வேர்க்குது. கடன் வாங்கிப் பண்ணிடலாமான்னு பெரியப்பா கேக்கறார்.

(பொட்டி தட்டுறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கறவங்களுக்கு: படிச்சது மெக்கானிக்கல், பொழைப்புதான் ஜாவா. :-))

தெர்மாகோல் மேல எனக்குக் கோவம் இல்ல. ரெண்டு இன்ச் தெர்மாகோல் கிட்டத்தட்ட மூணு அடி செங்கல் செவுரு அளவுக்கு வெப்பத்தைத் தடுக்கும். சத்தியமான கணக்கு. ஆனா எந்த செவுத்துல ஒட்டப் போறீங்க? நெசவாளர் தெருவுல வீடுங்க தோளோட தோள் ஒட்டி நிக்குது. பக்கத்துச் செவுரு ரெண்டும் அடுத்த வீட்டுக்கும் பொது. ஜென்மத்துக்கும் வெயில் படாத செவுத்துக்கு எதுக்குய்யா ஸ்வெட்டர்?

வெயில் இறங்குறது மேலேர்ந்து. சித்திரையில ஆரணிக்கு சூரியன் மத்தியானம் நட்ட நடு உச்சியில நிக்கும். மொத்த அடியும் மொட்டைமாடிக்கு. அங்க வெடிச்ச தட்டோட்டைச் சரி பண்ணி, வெள்ளையா சுண்ணாம்போ கூல் ரூஃப் பெயின்ட்டோ அடிங்க. வித்தியாசம் வெறுங்காலுக்கே தெரியும். கொட்டேஷன்ல மொட்டைமாடி பத்தி ஒரு வரி கிடையாது!

இன்னொரு கூத்து. தடிச்ச செவுரு ராத்திரி குளிர்ந்து, பகல்ல வீட்டுச் சூட்டை வாங்கி வெச்சுக்கும். உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டினா அந்த உபகாரம் கட். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளிய விடும். போர்டு வெச்சு மூடினா ஓதம் உள்ளயே தங்கி பூஞ்சை பிடிக்கும், எலி குடும்பத்தோட குடியேறும். அப்புறம் "புழுக்கமா இருக்கே"ன்னு ஏசி. காய்ஞ்ச காத்துல பட்டு இழை பட்டு பட்டுன்னு அறும். நெய்யறவர் கூலி, புடவை முடிஞ்சாதான்.

அரசாங்கத்தையும் விட மனசில்ல. வீடுகளுக்குள்ள சூடு இறங்காம இருக்க மத்திய அரசு 2018ல எக்கோ நிவாஸ் சம்ஹிதான்னு ஒரு விதித்தொகுப்பு போட்டுது. செவுரு, கூரை எல்லாத்துக்கும் வரம்பு இருக்கு. ஆனா அந்த 2018 தொகுப்புல 500 சதுர மீட்டர் மனையிலேர்ந்துதான் கணக்கு வெச்சாங்க. தறி வீட்டுக்காரர் அத்தனை மனைக்கு எங்க போவார்? ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு குடுத்தாச்சு. அதை நெய்யறவர் தலைக்கு மேல இருக்கற கூரையை எவன் பாத்தான்?

மேற்கு வெயில் நேரா அறையுற செவுரு இருந்தா ஒட்டுங்க, அதுவும் வெளிப்பக்கமா. மாடியில புதுசா எழுப்பின நாலரை இன்ச் செவுத்துக்கும் ஒட்டுங்க, நான் சண்டைக்கு வரல. ஒன்றரைக்கல் செவுத்தை மட்டும் விட்டுடுங்க சாமிகளா. ஏணி எடுத்துக்கிட்டு முதல்ல மேல ஏறிப் பாருங்க.