பிரிந்துபோன இரும்புக்கும் விலை உண்டு

கைவினைப் பொருள்களை வாங்கும்போது விலையைக் குறைத்துக் கேட்பது நம்மில் பலருக்கும் படிந்துவிட்ட பழக்கம். அண்மையில் தில்லியில் கைவினைக் கண்காட்சி ஒன்றில் நானும் அதையே செய்தேன். இராஜஸ்தானிலிருந்து வந்திருந்த கொல்லர் ஒருவர், தம் கையால் அடித்த பெரிய வெட்டுக்கத்தியை விரித்த துணியின்மேல் வைத்திருந்தார். ஓரடி நீளம், உள்ளங்கை அகலம். வற்றிய ஆற்றுமணலில் நீர் விட்டுச் சென்ற தடங்களைப் போல, அலகு முழுவதும் கறுப்பும் வெள்ளியுமாக வரிகள் ஓடின. விலை ஒன்பதாயிரம் ரூபாய் என்றார். ஐயாயிரத்துக்குக் கிடைக்குமா என்று கேட்டேன்.

அவர் சினம் கொள்ளவில்லை. அருகிலிருந்த பையிலிருந்து கருகிய இரும்புக் கட்டி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பழைய புத்தகத்தின் ஏடுகளைப் போல அதன் ஓரத்தில் அடுக்குகள் பிரிந்து நின்றன. “இதற்கும் அதே அளவு கரிதான் எரிந்தது, ஐயா” என்று இந்தியில் சொன்னார். அந்த ஒரு வாக்கியம், நான் கேட்ட விலையைப் பற்றி என்னை மறுபடி எண்ண வைத்தது.

அத்தகைய கத்தி உருவாகும் முறையை அறிந்தால் அவர் சொன்னதன் பொருள் விளங்கும். கரிமம் மிகுந்த எஃகுத் தகடுகளையும் நிக்கல் கலந்த எஃகுத் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி உலையில் இடுகிறார்கள். வெப்பம் ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியசை எட்டி, இரும்பு வெளிர் மஞ்சளாக ஒளிரும் நிலையில், வெண்காரத்தைத் தூவிச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். தகடுகளுக்கு இடையே படியும் துருப்படலத்தை வெண்காரம் கரைத்து வெளியேற்ற, தூய உலோகமும் உலோகமும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. பின்னர் அக்கட்டியை நீட்டி, இரண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து மீண்டும் பற்றவைக்கிறார்கள். ஏழு தகடுகளில் தொடங்கினால் ஐந்து மடிப்புகளில் 14, 28, 56, 112, 224 என அடுக்குகள் பெருகுகின்றன.

ஒவ்வொரு மடிப்பும் ஒரு சோதனை. வெப்பம் சற்றுக் குறைந்தாலோ, இடையில் சிறிது அழுக்குத் தங்கினாலோ அடுக்குகள் பற்றுவதில்லை. வெப்பம் மிஞ்சினால் எஃகு பொறி பறந்து எரிந்து பாழாகும். உள்ளே ஒளிந்திருக்கும் பிழை பெரும்பாலும் இறுதியில்தான் வெளிப்படும். உருவம் கொடுத்து, ஏறத்தாழ 800 டிகிரியில் எண்ணெயில் தோய்ச்சல் கொடுக்கும்போது மெல்லிய விரிசல் ஒன்று தோன்றினால் பல நாள் உழைப்பும் அத்துடன் வீண். தப்பிய அலகைச் சுமார் 200 டிகிரியில் மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்தி, தீட்டி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் இடும்போதுதான் வரிகள் கண்ணுக்குப் புலனாகின்றன. கரிம எஃகு கறுக்கிறது. நிக்கல் எஃகு வெண்மை மாறாமல் நிற்கிறது. ஆகவே, ஒரு கத்தியின் விலை அந்த ஒரு கத்திக்கு மட்டும் உரியதன்று. பற்றாமல் பிரிந்துபோன கட்டிகளின் செலவையும் அதுவே சுமக்க வேண்டும்.

இரண்டு இரும்புகளை ஒன்றாக்கும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1621-இல் ஜலந்தர் அருகே வானிலிருந்து விழுந்த இரும்பைக் கொண்டு ஆயுதம் செய்யுமாறு பேரரசர் ஜஹாங்கீர் பணித்தார். தனியாக அடித்தபோது அது சம்மட்டிக்குத் தாங்காமல் நொறுங்கியது. மூன்று பங்கு விண்கல் இரும்புடன் ஒரு பங்கு சாதாரண இரும்பைச் சேர்த்தபின், இரண்டு வாள்களும் ஒரு கத்தியும் ஒரு குறுவாளும் உருவாயின. இதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிய பேரரசர், அவற்றைச் செய்த உஸ்தாத் தாவூதின் பெயரையும் பதிவு செய்துள்ளார். நாமோ விலையைக் கேட்கிறோமே அன்றி, செய்தவர் யார் என்று கேட்பதில்லை.

இத்தொழிலுக்கு இன்னோர் இடையூறு, பெயரில் நிகழும் குழப்பம். வரியோடிய எஃகு எல்லாவற்றையும் ‘டமாஸ்கஸ்’ என்று விற்கிறார்கள். தெலங்கானாவின் கோனசமுத்திரம் போன்ற ஊர்களில் முற்காலத்தில் மூசையில் உருக்கி எடுத்த ‘ஊட்ஸ்’ எஃகில், வரிகள் உலோகத்தின் உள்ளமைப்பிலிருந்தே எழுந்தவை. அடுக்கிப் பற்றவைத்த எஃகு வேறு வகை. அதுவும் மெய்யான கலையே. ஆனால், சாதாரணத் தகட்டின்மேல் அமிலத்தாலோ லேசராலோ வரிகளைப் பொறித்து அதே பெயரில் விற்பது ஏமாற்று. வேறுபாட்டை அறிவது கடினமன்று. மெய்யான அடுக்கு எஃகில் வரிகள் அலகின் முதுகிலும் தொடர்ந்து ஓடும். தேய்த்து அழித்துவிட்டு மீண்டும் கரைசலில் இட்டால் திரும்பத் தோன்றும். போலியில் தேய்த்தால் மறைந்துவிடும், பிறகு வாராது. போலியை மலிவாக வாங்கும் ஒவ்வொருவரும், தம்மை அறியாமலே, மெய்யான கொல்லரின் விலையைக் கீழே இழுக்கிறார்கள்.

நேர்மையாகச் சொல்வதானால், அடுக்கு எஃகுக் கத்தி நல்ல ஒற்றை எஃகுக் கத்தியைவிடக் கூர்மையாக வெட்டும் என்பதற்கில்லை. காய்கறியும் இறைச்சியும் நறுக்குவதே நோக்கமென்றால் சில நூறு ரூபாய்க் கத்தியே போதும். அப்படியிருக்க, ஏன் கூடுதல் விலை தர வேண்டும்? உலைத்தீயில் இரும்பைப் பற்றவைக்கும் திறமையே கொல்லர் தொழிலின் உயிர்நாடி. மென்மையான இரும்பு உடலில் வன்மையான எஃகு விளிம்பைப் பொருத்திக் கோடரியும் உழவுக் கருவியும் செய்தது அத்திறமைதான். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டித் தீட்டுவதோடு வேலை நின்றுவிட்டால், அது ஒரு தலைமுறையிலேயே கைவிட்டுப் போகும். வரியோடிய கத்தியை வாங்குபவர் அத்திறமை நிலைத்திருப்பதற்கும் சேர்த்தே விலை தருகிறார்.

கடன் வசதி இல்லாமல் இல்லை. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் இடம்பெற்ற 18 தொழில்களில் கொல்லர், படைக்கலம் செய்வோர், சுத்தியலும் கருவிகளும் செய்வோர் ஆகியோர் அடங்குவர். கருவிகளுக்கு 15,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பிணை ஏதுமின்றி, 5 சதவீத வட்டியில், முதலில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், அடுத்து இரண்டு லட்சம் ரூபாய் வரையிலும் கடன் பெறலாம். முதல் கடனை 18 மாதங்களிலும் இரண்டாவதை 30 மாதங்களிலும் திருப்பிச் செலுத்த வேண்டும். முதல் கடனை ஒழுங்காகச் செலுத்தி வருபவர்களில், மின்னணுப் பரிவர்த்தனையைக் கைக்கொண்டவர்களும் மேற்பயிற்சி பெற்றவர்களும் இரண்டாவதற்குத் தகுதி பெறுகிறார்கள்.

ஆயினும் தவணை மாதந்தோறும் வந்து நிற்கும். கட்டியோ எந்த மாதத்தில் பிரியும் என்று சொல்ல இயலாது. அந்த இடைவெளியைக் கடன் மட்டும் நிரப்பாது. நிரப்பக்கூடியவர்கள் வாங்குபவர்களாகிய நாமே. அதற்கு மூன்று செய்தால் போதும் என்பது என் கருத்து. முதலாவது, விரும்பிய கத்தியை முன்கூட்டியே சொல்லி, விலையில் பாதியை முன்பணமாகத் தருதல். உலை எரிவதற்குமுன் கரிக்கும் எஃகுக்கும் கையில் பணம் இருக்கும். இரண்டாவது, பணத்தை ரொக்கமாகத் தராமல் அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்துதல். ரொக்கம் அன்றைய செலவோடு கரைந்துவிடும்; கணக்கில் பதிவான வரவோ, நாளை அவர் வங்கி மேலாளரின் முன் அமரும்போது அவர் பக்கம் நின்று பேசும். மூன்றாவது, வரி மெய்யானதா என்று கேட்டறிந்து, மெய்யானதெனில் சொன்ன விலையைத் தருதல்.

ஒன்பதாயிரம் ரூபாயையும் அவர் கணக்கில் செலுத்திவிட்டுக் கத்தியைப் பெற்றுக்கொண்டேன். பிரிந்துபோன அந்தக் கட்டியையும் தர இயலுமா என்று கேட்டேன். அவர் சிரித்து மறுத்துவிட்டார். உலை வேலையை இப்போதுதான் பழகிவரும் மகனுக்குக் காட்டுவதற்காக அதை வைத்திருக்கிறாராம்.