மாத்திரை வலிக்கு, நோய்க்கு அல்ல

"மாதவிடாய் விடுப்பு கேட்டால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள். வலி இயற்கைதான், ஒரு மாத்திரை போட்டால் போதும்" என்று சிலர் வாதிடுகிறார்கள். மாத்திரையிலிருந்தே தொடங்கலாம்.

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசியது. மாதவிடாய் வலி என்றதும் ஆலையிலேயே பெயரில்லாத மாத்திரை தரப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். அதனால் உடல்நலம் கெட்டதாகவும் பலர் கூறினார்கள்.

வலி அடங்கினால் ஷிப்ட் ஓடும். ஆனால் வலியின் காரணம் உள்ளேயே இருக்கும். மாதவிடாய்ச் சுழற்சி 24 முதல் 38 நாள் வரை இருப்பது இயல்பு. உதிரப்போக்கு 8 நாளைத் தாண்டினாலோ, இடையில் கசிந்தாலோ, கூடவே இடுப்பு வலித்தாலோ கர்ப்பப்பைக் கட்டியாக இருக்கலாம், கர்ப்பப்பைக்கு வெளியே திசு வளரும் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். பரிசோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது. எல்லா இடுப்பு வலிக்கும் கர்ப்பப்பை காரணமல்ல என்பதும் சரிதான். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தாலும் இடுப்பு வலிக்கும். நின்று உழைப்பவர்களுக்கு இருக்கை வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44ஆம் பிரிவில் அப்போதே சொல்லிவிட்டது.

பெண்களை வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்ற அச்சத்தை 2024இல் உச்ச நீதிமன்றமும் எழுப்பியது. ஆனால் ஓசூர் அருகே எல்லையிலுள்ள ஜூஜூவாடியைத் தாண்டினால் வரும் கர்நாடகத்தில், தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்து மாதம் ஒரு நாள் ஊதிய விடுப்புக்கு 2025 அக்டோபரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூரும் கிருஷ்ணகிரியும் பெண்களின் கைத்திறனை நம்பித்தான் வளர்கின்றன.

இ.எஸ்.ஐ.க்கு மாதாமாதம் ஊதியத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். அந்த அட்டையோடு ஸ்கேன் எடுக்கப் போக, சம்பளம் பிடிக்காத ஒரு நாளை ஆலைகள் முதலில் கொடுக்கட்டும்.